ஒரு தொட்டிக்குப் பத்து மீன்

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்று பதினொரு மாதங்கள் ஆகின்றன. ஈப்போவில் தம்புன் சாலையோரம் உள்ள ஒரு நாற்றுப் பண்ணையில் இருபத்தாறு வருடங்கள் வேலை செய்தேன். ஹோட்டல், கிளினிக், அலுவலகம் போன்ற இடங்களில் தாமரைத் தொட்டியும் அல்லித் தொட்டியும் வைத்து, வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இப்போது அந்தத் தொட்டிகளில் ஏதோ ஒரு சிறிய கருவியைப் போடுகிறார்களாம். நீரின் சூடும் புளிப்புத் தன்மையும் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன.

என் இடத்தில் சேர்ந்திருக்கும் கவிதா என்ற பெண் போன வாரம் வாட்சாப்பில் கேட்டாள்: "அங்கிள், எல்லாம் போன்லயே வருது. எத்தன மீன் விடணும்னு மட்டும் வரல லா. எத்தன?"

"பெரிய தொட்டிக்குப் பத்து" என்று பதில் அனுப்பினேன்.

"ஏன் பத்து? பதினஞ்சு விட்டா என்ன?"

அதற்குக் கைப்பேசியில் பதில் எழுத எனக்கு வரவில்லை. அதனால் பழைய டைரிகளை எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருடங்களில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொட்டியில் செடி நட, கனமான களிமண்தான் வேண்டும். பையில் விற்கும் கலவை மண் மிதந்து நீரைக் கெடுக்கும். உர வில்லையைச் செய்தித்தாளில் சுற்றி வேருக்குக் கீழே அழுத்த வேண்டும். மேலே வைத்தால் பாசிக்குத்தான் சாப்பாடு. ஐந்து மணி நேரமாவது வெயில் வேண்டும். இலைகள் நீர்ப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மூடக் கூடாது. நீரை ஒரேயடியாக மாற்றக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு மட்டும். அதுவும் குழாய் நீரைத் திறந்த பீப்பாயில் ஒருநாள் வைத்திருந்த பிறகு. கொசு பெருகாமலிருக்க கப்பி என்ற சின்ன மீனை விட வேண்டும். மீனுக்குத் தீனி போடக் கூடாது. போட்டால் அது கொசுப் புழுவைத் தேடாது.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் முதலாளி மிசஸ் லியோங். குள்ளமான பெண்மணி. எங்களிடம் மலாயில்தான் பேசுவார். திட்ட மாட்டார். ஒரு தொட்டி சரியில்லை என்று கூப்பிட்டால் வந்து அதன் முன்னால் நிற்பார். குனிந்து முகர்வார். பிறகு ஒரு நிமிடம் ஒன்றுமே செய்யாமல் இருப்பார். அந்த ஒரு நிமிடம் எங்களுக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

ஒருமுறை ஒரு ஹோட்டல்காரர் தொட்டிகளில் வெள்ளைக் கற்கள் பரப்பினால் அழகாக இருக்கும் என்றார். ஈப்போவில் மலை வெட்டும் இடங்களில் பளிங்குச் சில்லு மலிவாகக் கிடைக்கும். நானே இரண்டு மூட்டை வாங்கிக் கழுவிப் பரப்பினேன். மூன்று வாரத்தில் இளம் இலைகள் எல்லாம் மஞ்சள் பூத்தன; நரம்பு மட்டும் பச்சை. உரம் போதவில்லை என்று நினைத்து உரம் வைத்தேன். இன்னும் மஞ்சளானது. மிசஸ் லியோங் வந்து முகர்ந்தார். ஏப்ரனிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து ஒரு கல்லின்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டார். கல் நுரைத்தது. நம் ஊர்க் கல் சுண்ணாம்புக் கல்; அது நீரில் கரையக் கரையச் செடிக்கு இரும்புச் சத்து எட்டாது என்று விளக்கினார். அவ்வளவுதான். நான் இருபது தொட்டிகளிலிருந்தும் கற்களைக் கையால் பொறுக்கினேன்.

அவரிடம் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, தொட்டியில் கை வைக்கும் முன்பே நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். கை நனைந்த பிறகு எழுதுவது அறிக்கை இல்லை, சாக்கு என்பார். இன்னொன்று, பெரிய தொட்டியில் பத்து மீனுக்கு மேல் இருக்கக் கூடாது. குட்டி போட்டுப் பெருகினால் மாதக் கடைசியில் மிச்சத்தைப் பண்ணைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பத்து என்றால் ஒவ்வொன்றாக எண்ணுவோம், அதற்கு மேலே போனால் 'ஏறக்குறைய' என்று எழுத ஆரம்பிப்போம், ஏறக்குறைய எழுதுகிறவன் செத்த மீனைக் கவனிக்க மாட்டான் என்பது அவர் சொன்ன காரணம். கவிதாவின் கேள்விக்கு இதுதான் பதில். ஆனால் இந்த விதியை நான் மீறியிருக்கிறேன். அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு டயாலிசிஸ் மையம் இருந்தது. பழைய கடைவீட்டை இடித்து மாற்றிக் கட்டியது. நடுவில் ஒரு திறந்த முற்றம். அதில் எங்கள் தாமரைத் தொட்டி. ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் நோயாளிகளின் நாற்காலிகள். இந்தப் பக்கம், உடன் வருகிறவர்கள் காத்திருக்க ஒரு நீளமான பெஞ்சு. நான் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போவேன். இரண்டு வருடங்களாக எந்தப் பிரச்சினையும் இல்லாத தொட்டி.

ஒரு சனிக்கிழமை போனபோது நீர் அரிசி கழுவிய தண்ணீர்போல் இருந்தது. முகர்ந்தேன். புளித்த வாடை. ஐந்து மீன்கள் செத்து மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எழுதினேன், மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினேன், ஐந்து மீன் விட்டேன். அடுத்த சனிக்கிழமை மூன்று செத்தன. அதற்கடுத்தது ஆறு. அதற்கடுத்தது மூன்று.

தரை துடைக்கும் சோப்பு நீரை யாரோ ஊற்றுகிறார்கள் என்று நினைத்தேன். துப்புரவுப் பணிப்பெண்ணிடம் கேட்டேன். அவர் வாளியை என் காலடியில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எனக்குக் காலை வணக்கம் சொன்னதே இல்லை. களிமண் அழுகிவிட்டதோ என்று செடியை வெளியே எடுத்துப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, திடமாக இருந்தது. மையத்தின் தலைமைத் தாதி என்னைக் கூப்பிட்டு, நோயாளிகள் இருக்கும் இடத்தில் நாற்றம் கூடாது, இன்னும் ஒருமுறை இப்படி ஆனால் தொட்டியை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார்.

அன்று மாலை நோட்டை முதலிலிருந்து படித்தேன். நான்கு வாரமும் சனிக்கிழமை காலையில் நீர் கலங்கியிருக்கிறது. ஒரு புதன்கிழமை அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்ததையும் எழுதியிருந்தேன்: 'தெளிவு. மீன் நலம்.' ஆகவே அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலையிலேயே போய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். பையைப் பெஞ்சில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். பையிலிருந்து ஒரு பால் பொட்டலத்தை எடுத்து, ஓரத்தைப் பல்லால் கிழித்து, தாமரை மொட்டின்மேல் மெதுவாக ஊற்றினார். முழுப் பொட்டலத்தையும். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் எழுந்துபோய், "அக்கா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமயும் ஊத்துவீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா தம்பி. நீங்க இங்க வேலயா?" என்றார். மறைக்க ஒன்றுமில்லாதவரின் குரல்.

பெயர் பாக்கியம். செம்மோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். தோட்டத்தை விற்றபின் கிடைத்த வரிசை வீட்டில் இருந்தார்கள். தோட்டத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் பால் ஊற்றுவது அவருடைய வழக்கம். கணவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததும் திங்கள், புதன், வெள்ளி என்று நாள் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது அவரைப் படுக்கவைப்பதற்கே நேரம் சரியாகிவிடும்.

"லெச்சுமி ஒக்காருற பூ இங்கேயே இருக்கு. அதான் தம்பி, இங்கேயே ஊத்திட்டேன். அவருக்காகத்தான்."

நான் கிறிஸ்துவன். எனக்கு அந்த வழக்கம் தெரியாது. ஆனால் பால் நீரில் கலந்தால் என்ன ஆகும் என்பது தெரியும். அதை ஒழுங்காக விளக்கினேன். பால் அழுகும்போது நீரில் இருக்கும் காற்றையெல்லாம் இழுத்துக்கொள்ளும். விடியும் முன்பே மீனுக்கு மூச்சு முட்டும் என்றேன்.

அவர் முகம் மாறியது. "மீன் செத்துச்சா? எத்தன?"

இங்கேதான் என் தவறு. 'ஒன்றிரண்டு' என்று சொல்லியிருக்கலாம். நான் நோட்டைத் திறந்து கூட்டிப் பார்த்துச் சொன்னேன்.

"நாலு வாரத்துல பதினேழு."

"பதினேழு உசுரா?" என்றார். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்கு அப்பால் மூன்றாவது நாற்காலியில் இருந்த கணவரைப் பார்த்தார். "அவரு உசுருக்காக ஊத்துனேன், தம்பி."

  பாலை வெளியேற்ற வேண்டியிருந்ததால் நீரை வாளியில் மொள்ள ஆரம்பித்தேன்.

அவர் பால் ஊற்றுவதை அன்றோடு நிறுத்தினார். இரண்டு வாரத்தில் தொட்டி தெளிந்தது. குறைந்த மீன்களை விட்டு மறுபடி பத்தாக்கினேன். மிசஸ் லியோங்கிடம் காரணத்தைச் சொல்லி, கொஞ்ச நாள் வெள்ளிக்கிழமையிலேயே போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டு நாளை மாற்றிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் பாக்கியம் அக்கா ஒரு ஜாம் பாட்டிலோடு வந்தார். உள்ளே ஒரு கப்பி மீன்.

"வீட்டுக்குப் பின்னால லோங்காங்ல புடிச்சேன்" என்றார். சாக்கடைக் கால்வாயை எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். "வாரம் ஒண்ணு கொண்டாரேன். பதினேழயும் திருப்பிக் குடுத்துடணும். அதுவரைக்கும் அவரு நல்லா இருந்தா போதும்."

கால்வாய் மீனை நேராகத் தொட்டியில் விடக் கூடாது, நோய் இருக்கும். ஏழு நாள் தனியாக வைத்துப் பார்த்துத்தான் விட வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். அது உண்மை. பாட்டிலை வாங்கிக்கொண்டு சிலிபினில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பின்புறத்தில் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதில் விட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டாவது மீனைக் கொடுத்தபோது, "முதல் மீன விட்டாச்சா தம்பி?" என்று கேட்டார்.

தொட்டியில் ஏற்கெனவே பத்து இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு எண்ணைச் சொல்லி அந்த முகத்தைப் பார்த்துவிட்டேன்.

"விட்டாச்சு அக்கா. இலைக்கு அடியில இருக்கும்."

அவர் குனிந்து தேடினார். கறுப்பு வால் உள்ள ஒன்றைக் காட்டி, "இதுதான்" என்றார். "ஆமா" என்றேன்.

அப்படியே வாரங்கள் போயின. அவர் மீன் கொண்டுவருவார். நான் இலை வெட்டி, நீர் மாற்றுவேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக் கதை, விலைவாசி, பக்கத்து வீட்டுக்காரரின் சேவல் என்று பேசுவார். அரை மணி நேர வேலைக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மற்ற நாள்களில் நான் வாடிக்கையாளர்களிடம் 'முடிந்தது, இங்கே கையெழுத்து' என்பதைத் தவிர வேறு பேச்சில்லாமல் வீடு திரும்புவேன். வீட்டில் பேச ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை டைரிக் குறிப்பு மட்டும் இரண்டு பக்கம் வந்தது.

ஆறாவது மீன் என் வீட்டில் இரண்டாம் நாளே செத்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. கணக்கு குறையக் கூடாது என்று வலையை எடுத்துக்கொண்டு என் வீட்டுப் பின்சந்துக் கால்வாயில் இறங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சேவியர் அண்ணே, கறிக்கு ஒண்ணும் கெடைக்கலயா?" என்றார். ஒன்றைப் பிடித்து ஈடுகட்டினேன்.

பாக்கியம் அக்காவின் கணவர் மாரிமுத்து அண்ணன் முன்பு பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். சிகிச்சை முடிந்து முற்றத்துக்கு வந்தால் தொட்டியைப் பார்த்து ஒரே புகாரைச் சொல்வார்: "எனக்கு நாளைக்கு ரெண்டு கப்பு தண்ணிதான்னு சொல்லிட்டாங்க. இதுக்கு மட்டும் வாளி வாளியா ஊத்துறீங்க. இது என்ன நியாயம் லா?"

எட்டாவதோ ஒன்பதாவதோ வாரம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. டைரியைப் பார்த்துவிட்டேன், ஒன்பதாவது வாரம். அக்கா மருந்து வாங்க உள்ளே போயிருந்தார். மாரிமுத்து அண்ணன் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, அதுல பத்துதான் இருக்கு."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"நாலு மணி நேரம் அந்த நாக்காலில கெடக்கேன். வாரத்துக்கு மூணு நாளு. வேற என்ன வேல எனக்கு? எண்ணிட்டேன். எப்ப எண்ணுனாலும் பத்து." அவர் சிரித்தார். "அவ கொண்டாந்தத எங்க வச்சிருக்கீங்க?"

"என் வீட்டுல அண்ணே."

"உசுரோட இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சரி. அவகிட்ட சொல்லாதீங்க. பதினேழு முடியறவரைக்கும் நான் இருக்கணும்னு ஒரு கணக்கு வச்சிருக்கா. நானும் ஓட்டிப் பாக்குறேன், முடியுதான்னு."

பதினான்காவது மீனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பெஞ்சு காலியாக இருந்தது. மூன்றாவது நாற்காலியும். தலைமைத் தாதியிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை காலை வீட்டிலேயே போய்விட்டார் என்றார். அடக்கம் முடிந்துவிட்டது. எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. நான் தொட்டிக்கு வருகிற ஆள்தானே.

அக்கா ஒருநாள் வருவார் என்று எனக்குத் தோன்றியது. மூன்று மீன் பாக்கி. வந்தால் குனிந்து எண்ணுவார். எண்ணினால் பத்துதான் இருக்கும். ஆகவே நான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் என் வீட்டுத் தொட்டியிலிருந்து அவருடைய பதினான்கையும் பிடித்து வாளியில் கொண்டுபோய்த் தாமரைத் தொட்டியில் விட்டேன். மொத்தம் இருபத்துநான்கு. நோட்டில் அந்தப் பக்கத்தை எழுதாமல் விட்டேன். அன்று அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. இரண்டு வாரம் அத்தனை மீனையும் வைத்துக்கொண்டு, நீர் கெடாமலிருக்க வாரத்துக்கு மூன்று முறை வேலைக்கு முன்னால் வந்து என் கையால் நீர் மாற்றினேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. கையில் அதே ஜாம் பாட்டில். உள்ளே மூன்று மீன். தொட்டியைப் பார்த்தார். குனியாமலேயே தெரிந்தது, நீர் முழுக்க அசைவு.

"எல்லாத்தயும் இங்க கொண்டாந்துட்டீங்களா, தம்பி?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"உங்க வீட்டுலதான் இருக்குன்னு அவரு சொன்னாரு. எப்பவோ சொல்லிட்டாரு. 'அந்த ஆளுகிட்ட கேக்காத புள்ள, பாவம், பொய் சொல்லத் தெரியாம முழிக்கிறாரு'ன்னாரு."

நான் வலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். 

"எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி. இங்க இனி யாரு எண்ணப் போறா?"

வாளியில் நீர் ஊற்றி, ஒவ்வொன்றாகப் பிடித்தேன். அவருடையவை எவை, பண்ணையுடையவை எவை என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி ஓடின. வலையில் அகப்பட்டதை எடுத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாளியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எண்ணினார். பதினான்கு ஆனதும் "போதும்" என்றார். பாட்டிலைக் கவிழ்த்து மூன்றையும் அவரே வாளியில் விட்டார்.

"பதினேழு," என்றார்.

வெளியே அவருடைய உடன்பிறந்த அக்காவின் மகன் காரில் காத்திருந்தான். போகும்போது, "தீனி போடுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். போடுவேன் என்றேன். வாரேன் தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. செம்மோர் பக்கம் எந்த வரிசை வீடு என்று ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றரை மணி நேரம் பேசியும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

தொட்டியில் பத்து மீன் மீதி இருந்ததை எண்ணி நோட்டில் எழுதினேன். மூன்றாவது நாற்காலியில் இருந்த புதியவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மிசஸ் லியோங்கிடம் போய், டயாலிசிஸ் மையத்தை மறுபடி சனிக்கிழமைக்கே மாற்றித் தரும்படி கேட்டேன். ஏன் என்றார். வெள்ளிக்கிழமை வேலை அதிகமாக இருக்கிறது என்றேன். அவர் வேலைப் பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பென்சிலால் வெள்ளியை அடித்துவிட்டுச் சனி என்று எழுதினார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டு இடங்கள்தான் இருந்தன. பத்தரை மணிக்கு இரண்டும் முடிந்துவிட்டன.